வறுமை ஒழிப்பு ஆலோசனைக் குழுவில் ஓர் உறுப்பினரை மறுநியமனம் செய்தல்: வன்னியின் பிரதேச சபைகளுக்கான முழுமையான வழிகாட்டி

பிரதேச சபையின் மாதாந்தக் கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவரின் மறுநியமனம் பெரும்பாலும் நிகழ்ச்சி நிரலின் அடிப்பகுதியில்தான் இடம்பெறுகிறது. வீதி விளக்கு, வடிகால், சந்தைக் குத்தகை என்று நெடுநேரம் வாதிட்டுக் களைத்த உறுப்பினர்கள், "முன்பு இருந்தவரே இருக்கட்டும்" என்று ஒரே வரியில் அதை முடித்துவிடுகிறார்கள். வறுமை பற்றிச் சபைக்கு ஆலோசனை கூறும் குழுவைப் பொறுத்தவரை இந்த அவசரம் பொருந்தாது. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட கணிப்பில், நாடு முழுவதற்குமான வறுமை விகிதம் 14.3 சதவீதமாக இருந்தபோது முல்லைத்தீவு மாவட்டத்தில் அது 44.5 சதவீதமாக இருந்தது. நாட்டின் மாவட்டங்கள் அனைத்திலும் அதுவே மிக உயர்ந்தது. இத்தகைய இடத்தில் ஏழைக் குடும்பங்களின் நிலையைச் சபைக்கு எடுத்துச் சொல்லும் ஓர் ஆசனத்தை யார் நிரப்புகிறார் என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாக ஆராய்ந்தே தீர்மானிக்க வேண்டும்.

இவ்வழிகாட்டி சபை உறுப்பினர்களுக்கும் செயலாளருக்கும் இவ்வேலையைக் கையாளும் விடய உத்தியோகத்தருக்கும், தங்கள் பிரதிநிதியைக் குழுவுக்கு அனுப்பும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள், கமக்காரர் அமைப்புகள், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள், மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் ஆகியவற்றுக்கும் உரியது. இங்கே தரப்படும் படிமுறைகள் நல்ல நடைமுறையை விளக்குபவை. சட்டத்தின் வாசகம் எங்கு கட்டுப்படுத்துகிறதோ அங்கு அது தனியே சுட்டப்படுகிறது.

முதற் படி: குழுவின் சட்ட அடிப்படையை உறுதிசெய்தல்

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, சபைக்கு ஆலோசனை கூறுவதற்காகக் குழுக்களை நியமிக்க இடமளிக்கிறது. அக்குழுக்களில் சபை உறுப்பினர்களோடு அப்பிரதேசத்தில் வசிக்கும் பொதுமக்களும் இடம்பெறலாம். நடைமுறையில் சபைகள் அமைக்கும் குழுக்கள் நிதியும் கொள்கை வகுப்பும், வீடமைப்பும் சமுதாய அபிவிருத்தியும், தொழில்நுட்ப சேவைகள், சுற்றாடலும் வாழ்க்கை வசதிகளும் என்ற நான்கு துறைகளைச் சார்ந்தவை. வறுமை ஒழிப்பு சில இடங்களில் வீடமைப்பு, சமுதாய அபிவிருத்திக் குழுவின் வேலைகளில் ஒன்றாகவும், சில இடங்களில் சபைத் தீர்மானத்தின் மூலம் தனியே அமைக்கப்பட்ட ஆலோசனைக் குழுவாகவும் இருக்கலாம். வவுனியா மாநகர சபை, மன்னார் நகர சபை போன்றவற்றுக்குத் தனித்தனிக் கட்டளைச் சட்டங்கள் உண்டு என்பதால், அங்குள்ளவர்கள் பிரதேச சபைகள் சட்டத்தின் பிரிவைத் தங்கள் பத்திரத்தில் அப்படியே எழுதிவிடக் கூடாது.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. குழுவை நியமிக்கும் அதிகாரம் சபைக்கு உரியது. ஆகவே தவிசாளர் கையொப்பமிட்ட ஒரு கடிதம் மட்டும் மறுநியமனத்துக்குப் போதுமானதன்று, அதற்குப் பின்னால் சபைத் தீர்மானம் ஒன்று இருக்க வேண்டும். அடுத்து, குழு ஆலோசனை கூறும் அமைப்பே தவிர முடிவெடுக்கும் அமைப்பன்று. உறுப்பினர் ஒருவர் மூன்று ஆண்டுகளாகப் பரிந்துரைத்த பொதுக் கிணறு இன்னமும் வெட்டப்படவில்லை என்றால், அக்குறையை அவர் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

இந்தக் குழுவைப் பிரதேச செயலகத்தின்கீழ் இயங்கும் வேறு குழுக்களுடன் குழப்பிக்கொள்வதும் வன்னியில் அடிக்கடி நிகழ்கிறது. அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின்கீழ் நடைமுறைப்படுத்தப்படுவது. சமுர்த்தி என்ற பழைய வறுமை நிவாரணத் திட்டத்துக்குத் தனித் திணைக்களம் உண்டு. 2025 ஜூலையில் தொடங்கப்பட்ட பிரஜா சக்தி என்ற வறுமை ஒழிப்பு வேலைத்திட்டமும் மத்திய அரசினுடையது. இவற்றில் பயனாளியைச் சேர்க்கவோ நீக்கவோ பிரதேச சபையின் குழு உறுப்பினருக்கு அதிகாரம் இல்லை. எத்தனை பேருக்கு அஸ்வெசும எடுத்துக்கொடுத்தார் என்ற கேள்வியை வைத்துக்கொண்டு ஒருவரை மறுநியமனம் செய்யவோ மறுக்கவோ முற்படுவது, அவர் செய்ய முடியாத வேலைக்கு அவரைப் பொறுப்பாக்குவதாகும். வீதி, பொதுக் கிணறு, சந்தைக் கட்டண விகிதம், முன்பள்ளி, நூலகம், மயானம், கழிவகற்றல், சிறு வியாபாரிகளுக்கான இடம் போன்றவற்றில் ஏழைக் குடும்பங்களின் பக்கத்திலிருந்து அவர் என்ன சொன்னார் என்பதே உரிய கேள்வி.

இரண்டாம் படி: பதவிக்காலத்தைக் கண்டறிதல்

நியமனத் தீர்மானம் பதிவான கூட்டறிக்கையை எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் காலம் குறிக்கப்பட்டிருந்தால் வேலை எளிது. குறிக்கப்படாதிருந்தால், சபையின் ஆயுளோடு குழுவின் ஆயுளும் முடிவதாகக் கொள்வதே பாதுகாப்பானது.

இங்கு வன்னிக்கு மட்டுமன்றி நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு சிக்கல் உண்டு. 2018 பெப்ரவரி 10ஆம் திகதித் தேர்தலில் தெரிவான சபைகளின் காலம், ஓராண்டு நீடிப்புடன் 2023 மார்ச் 19இல் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதியே நடைபெற்றது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சபைகளைச் செயலாளர்களே நிர்வகித்தனர். பழைய சபை நியமித்த குழு உறுப்பினர் ஒருவர் அந்தக் காலத்திலும் கூட்டங்களுக்கு வந்து உதவியிருக்கலாம். அதற்காக அவருக்குச் சபை நன்றி சொல்லலாம். ஆனால் புதிய சபை அவரை அமர்த்துவதைப் புதிய நியமனமாகவே பதிவுசெய்ய வேண்டும். "மறுநியமனம்" என்று எழுதி, முன்னைய காலத்தின் தொடர்ச்சியாகக் காட்டினால், யாருடைய தீர்மானத்தின்கீழ் அவர் 2023இற்கும் 2025இற்கும் இடையில் அமர்ந்தார் என்ற கேள்வி கணக்காய்வின்போது எழக்கூடும். நகர சபையாக இருந்து மாநகர சபையாகத் தரமுயர்த்தப்பட்ட வவுனியா போன்ற இடத்தில் இந்த எச்சரிக்கை மேலும் அவசியமானது.

காலம் முடிந்த பின்னர் "பின்னோக்கிய அனுமதி" பெற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணம் பல அலுவலகங்களில் உண்டு. போக்குவரத்துக் கொடுப்பனவு போன்ற சிறு செலவுகளில்கூட இது பிற்பாடு தலையிடியாக முடியும். காலம் முடிவதற்குக் குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்னரே கோவையைத் திறப்பதே நல்லது.

மூன்றாம் படி: நாட்காட்டியை வன்னிக்கு ஏற்ப அமைத்தல்

மூன்று மாதங்கள் என்பது தாளில் நீண்டதாகத் தோன்றும். ஆனால் நவம்பர், டிசம்பர் மாதங்களில் மாரி மழையால் குளங்கள் வான்பாய்ந்து உள்வீதிகள் துண்டிக்கப்படுகின்றன; அதே காலத்தில்தான் சபை அடுத்த ஆண்டுக்கான பாதீட்டை நிறைவேற்ற வேண்டியிருக்கிறது; தை முடிந்து பெப்ரவரி, மார்ச்சில் காலபோக நெல் அறுவடை நடக்கும்போது கிராம அமைப்புகள் எதையும் கூட்டிப் பேசுவது கடினம். பதவிக்காலம் டிசம்பரில் முடிவதாக இருந்தால், ஓகஸ்ட் இறுதியிலேயே ஆரம்பித்து ஒக்டோபர் கூட்டத்தில் தீர்மானத்தை எடுத்துவிடுவது விவேகமானது. அப்போது பாதீட்டு ஆலோசனைகள் கேட்கப்படும் நேரத்தில் குழுவின் ஆசனங்கள் காலியாக இருக்கமாட்டா. வறுமை தொடர்பான குழுவுக்கு ஆண்டின் மிக முக்கியமான வேலை பாதீட்டுக்கு முந்திய ஆலோசனைதான் என்பது என் கருத்து. அந்த ஒரு கூட்டத்தை இழந்த குழு அந்த ஆண்டையே இழந்துவிடுகிறது.

நான்காம் படி: ஆசனம் யாருக்குரியது என்று பார்த்தல்

சில ஆசனங்கள் தனிநபருக்கும், சில ஆசனங்கள் ஓர் அமைப்பின் பிரதிநிதிக்கும் ஒதுக்கப்பட்டிருக்கும். கமக்காரர் அமைப்புகளின் பிரதிநிதியாக வந்தவர் இப்போது அந்த அமைப்பில் எந்தப் பொறுப்பிலும் இல்லையென்றால், அவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் அமைப்பின் புதிய பரிந்துரைக் கடிதம் இன்றி மறுநியமனம் செய்யக் கூடாது. அக்கடிதம் தலைவர் ஒருவரின் கையொப்பத்தோடு மட்டும் வராமல், பொதுக்கூட்டத்திலோ நிர்வாகக் கூட்டத்திலோ எடுத்த தீர்மானத்தின் திகதியைக் குறிப்பிட வேண்டும்.

வதிவிடத்தையும் மறந்துவிடக் கூடாது. பிரதேசத்தில் வசிப்பவரையே சட்டம் கருதுகிறது. வன்னியில் ஒரு குடும்பம் மாந்தை கிழக்கில் காணி வைத்துக்கொண்டு பிள்ளைகளின் படிப்புக்காக வவுனியா நகரில் வாடகைக்கு இருப்பது சாதாரணம்; கிராம அலுவலரின் வதிவிட உறுதிப்பாட்டைக் கோவையில் சேர்த்துவிட்டால் பின்னர் எவரும் ஆட்சேபிக்க இடமிராது.

ஐந்தாம் படி: கடந்த காலப் பணியை மதிப்பிடுதல்

இதுவே முழு வேலையின் மையம். பெரும்பாலான அலுவலகங்களில் மதிப்பீடு என்பது வரவுப் பதிவேட்டை எண்ணுவதோடு முடிந்துவிடுகிறது. வரவு முக்கியமானதுதான். ஆயினும் அந்த எண் எதைச் சொல்கிறது என்று கேட்க வேண்டும். கொக்கிளாயிலிருந்து முல்லைத்தீவு நகருக்கு வரவேண்டிய மீனவப் பெண் ஒருவருக்கும், சபை அலுவலகத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் ஒருவருக்கும் பன்னிரண்டு கூட்டங்கள் ஒரே அளவான சுமையாக இருப்பதில்லை. பாண்டியன்குளத்திலோ நெடுங்கேணியிலோ கூட்டம் மாலையில் முடிந்தால், திரும்பிச் செல்ல பஸ் உண்டா என்பதே ஒரு பெண் உறுப்பினரின் வரவைத் தீர்மானித்துவிடும். நாட்கூலிக்குப் போகிறவருக்குக் கூட்டம் என்பது ஒரு நாள் வருமானத்தின் இழப்பு. வராத கூட்டங்களின் காரணங்களை உறுப்பினரிடமே கேட்டு எழுத வேண்டும். காரணம் கூட்ட நேரமாகவோ போக்குவரத்தாகவோ இருந்தால், மாற்ற வேண்டியது சபையின் ஏற்பாட்டையே. இந்த வேறுபாட்டைக் கவனிக்காத சபையில், சில ஆண்டுகளில், வறுமைக் குழுவில் வறியவர் எவரும் எஞ்சமாட்டார். ஓய்வுபெற்ற அதிபர்களும் வாகனம் உள்ளவர்களும் மட்டுமே முழு வரவுடன் அமர்ந்திருப்பார்கள். அவர்களும் வேண்டியவர்களே, அவர்கள் மட்டும் போதாது.

வரவுக்கு அடுத்தபடியாகக் கூட்டறிக்கைகளைப் படிக்க வேண்டும். உறுப்பினர் எழுப்பிய விடயங்கள் எவை, அவற்றுள் எவை பரிந்துரையாகச் சபைக்குச் சென்றன, சபை அவற்றுக்கு என்ன பதில் அளித்தது என்பதை ஒரு பக்கக் குறிப்பாகத் தொகுக்கலாம். எண்ணிக்கையைவிட விடயத்தின் கனத்தைப் பார்ப்பது நல்லது. உதாரணமாக, வாராந்தச் சந்தையில் நிலத்தில் துணி விரித்துக் கீரை விற்கும் பெண்ணிடம் நிரந்தரக் கடைக்காரரிடம் அறவிடும் விகிதத்திலேயே நாட்கட்டணம் அறவிடப்படுவதை ஒருவர் ஒரே ஒரு முறை சுட்டிக்காட்டி, அதைக் கட்டண மீளாய்வு வரை தொடர்ந்து கொண்டுபோயிருந்தால், அது ஆண்டு முழுவதும் பொதுவாகப் பேசியதைவிடப் பெரிய பணி. நுண்கடன் தவணைக்காக வீட்டுக்கு வந்து நிற்கும் வசூலிப்பாளர்களின் நெருக்குதல் பற்றிப் பெண் தலைமைத்துவக் குடும்பங்களிடமிருந்து தகவல் திரட்டி, கூட்டுறவுத் திணைக்களத்தின் கடன் வசதிகளோடு அவர்களை இணைத்தது போன்ற வேலையும் அவ்வாறே கருதத்தக்கது, அது கூட்டறிக்கையில் இரண்டு வரியாகவே பதிவாகியிருந்தாலும்.

பின்னர் அவர் யாருக்காகப் பேசுகிறாரோ அவர்களிடமும் கேட்க வேண்டும். உறுப்பினர் குழுக் கூட்டத்தில் நடந்ததைத் திரும்பிச் சென்று கிராமத்தில் சொல்கிறாரா என்பதை மாதர் சங்கக் கூட்டம் ஒன்றில் சமுதாய அபிவிருத்தி உத்தியோகத்தர் கேட்டால் தெரிந்துவிடும். எவரையும் பெயர் சொல்லிக் குறை கூறச் செய்யும் விதமாக இக்கேள்வி அமையக் கூடாது. ஒரு சிறிய ஊரில் அப்படிக் கேட்பது பகையில் முடியும்.

ஆறாம் படி: உறுப்பினரின் சம்மதமும் வெளிப்படுத்தலும்

பலருக்கு இது மேலதிகச் சம்பிரதாயமாகத் தோன்றலாம். ஆயினும் தம்மை மீண்டும் நியமித்துவிட்டார்கள் என்பதைப் பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொண்டவர்களும் உண்டு என்பதால், எழுத்துமூலச் சம்மதம் பெறப்பட வேண்டும். அதே கடிதத்தில் அவர் தமக்குள்ள நலன்களை வெளிப்படுத்த வேண்டும்: சபையின் ஒப்பந்தங்களில் பங்கு, குத்தகைக்கு எடுத்த கடை, கடன் வழங்கும் நிறுவனத்தில் வேலை, அரசியல் கட்சிப் பொறுப்பு, சபை உறுப்பினருடனான நெருங்கிய உறவு முதலியன. வெளிப்படுத்துவது தகுதியிழப்பாகாது, மறைத்ததே பின்னர் பிரச்சினையாகும். கடன் நிறுவனத்துக்காக வசூலிப்பவர் ஒருவர் கடனாளிகளின் சார்பில் பேசும் ஆசனத்தில் அமர்வதை மட்டும், வெளிப்படுத்திய பின்னரும், ஏற்கக் கூடாது என்றே நான் சொல்வேன்.

உறுப்பினர் தாமே அஸ்வெசும பெறுகிறவர் என்பது நலன் முரணாகாது. வறுமையை அறிந்தவர் குழுவில் இருக்க வேண்டும் என்பதற்கே ஆசனம் உள்ளது. அந்தத் தகவலைச் சபைப் பத்திரத்தில் எழுதவோ கூட்டத்தில் வாசிக்கவோ வேண்டியதில்லை.

ஏழாம் படி: அறிவித்தல்

இருப்பவரையே மீண்டும் நியமிக்கும் எண்ணம் இருந்தாலும், ஆசனத்தின் காலம் முடிகிறது என்பதையும் வேறு எவரும் விண்ணப்பிக்கலாம் என்பதையும் இரண்டு வாரங்களுக்குக் காட்சிப்படுத்த வேண்டும். சபையின் தலைமை அலுவலகமும் உப அலுவலகங்களும், பொது நூலகம், சனசமூக நிலையம், கிராம அலுவலர் அலுவலகம், கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றின் அறிவித்தல் பலகைகளே இதற்குப் போதும். முகநூல் பக்கத்தில் மட்டும் போடுவது போதாது. சிங்களம் பேசும் குடும்பங்கள் வசிக்கும் பிரிவுகள் உள்ள சபைகளில் அறிவித்தல் இரு மொழியிலும் இருக்க வேண்டும். புதிய விண்ணப்பம் எதுவும் வராவிட்டால் மறுநியமனத்தின் மதிப்பு குறைவதில்லை; கேட்டுப் பார்த்த பின்னரே அவரைத் தெரிவுசெய்தோம் என்று சபை சொல்ல முடிகிறது.

எட்டாம் படி: குழுவின் பரிந்துரை

குழு கூடி மதிப்பீட்டுக் குறிப்பையும் வந்த விண்ணப்பங்களையும் ஆராயும்போது, சம்பந்தப்பட்ட உறுப்பினர் வெளியே இருக்க வேண்டும். அவர் வெளியேறிய நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் கூட்டறிக்கையில் எழுதிவிட வேண்டும். சபை உறுப்பினர்களுக்கான தேர்தலில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு உண்டு. குழுவில் உள்ள பொதுமக்களுக்கு அது தானாகப் பொருந்துவதில்லை என்பதால், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், மீள்குடியேறிய கிராமங்கள், கரையோரக் கிராமங்கள் ஆகிய தரப்புகள் குழுவில் இருக்கின்றனவா என்று பரிந்துரையின்போதே முழுமையாகப் பார்க்க வேண்டும். ஒருவரை மறுநியமனம் செய்வதால் எந்தத் தரப்பு வெளியில் நிற்கிறது என்பதும் முடிவின் ஒரு பகுதியே.

ஒன்பதாம் படி: சபைப் பத்திரமும் தீர்மான வாசகமும்

பத்திரம் இரண்டு பக்கங்களுக்கு மேற்பட வேண்டியதில்லை. ஆசனத்தின் தன்மை, முன்னைய தீர்மானத்தின் இலக்கமும் திகதியும், முடியும் திகதி, மதிப்பீட்டின் சுருக்கம், அறிவித்தலுக்கு வந்த பதில், குழுவின் பரிந்துரை, கோரப்படும் புதிய காலம், செலவு ஏதும் இருந்தால் அதன் செலவுத் தலைப்பு ஆகியவை இடம்பெற வேண்டும். தேசிய அடையாள அட்டை இலக்கம், நோய், குடும்பத் தகராறு, வருமான விபரம் ஆகியவை இடம்பெறக் கூடாது. தீர்மான வாசகத்தைப் பின்வருமாறு அமைக்கலாம்:

"............ பிரதேச சபையின் வறுமை ஒழிப்பு ஆலோசனைக் குழுவில், ............ அமைப்புகளின் பிரதிநிதிக்கான ஆசனத்தில், ............ஆம் திகதிய ............ இலக்கத் தீர்மானத்தின்படி நியமிக்கப்பட்டு ............ஆம் திகதி பதவிக்காலம் நிறைவுறும் திருமதி ............ அவர்களை, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்கீழ், ............ஆம் திகதி முதல் ............ஆம் திகதி வரையோ இச்சபையின் பதவிக்காலம் முடியும் வரையோ, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை, மறுநியமனம் செய்வதற்கு இச்சபை தீர்மானிக்கிறது."

"எது முந்தியதோ அதுவரை" என்ற சொற்களை விட்டுவிடக் கூடாது. 2023இல் ஏற்பட்ட குழப்பத்தைப் போன்ற ஒன்று மீண்டும் வராமல் காப்பது அந்தச் சொற்கள்தாம்.

பத்தாம் படி: கூட்டத்தில்

கூட்ட நடப்பெண், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, இருப்பதைத் தவிசாளர் உறுதிசெய்த பின், ஒருவர் முன்மொழிந்து மற்றொருவர் வழிமொழிய வேண்டும். பல ஆசனங்களுக்கான மறுநியமனங்களை ஒரே தீர்மானமாகக் கட்டி நிறைவேற்றுவது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் ஒருவர் மீது மட்டும் ஆட்சேபம் இருக்கும் உறுப்பினருக்கு வாக்களிக்க வழியில்லாமல் போய்விடும். தனித்தனியாக எடுப்பதே முறை. உறவினரான சபை உறுப்பினர் தம் உறவைக் கூறி வாக்கெடுப்பிலிருந்து விலகி நிற்க வேண்டும்.

எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாத சபையில் சிறு நியமனமும் பலப்பரீட்சையாக மாறக்கூடும். அப்போது தவிசாளர் செய்யத்தக்கது, விவாதத்தை மதிப்பீட்டுக் குறிப்பில் உள்ள விடயங்களுக்கு மட்டும் கட்டுப்படுத்துவதாகும். சபையில் இல்லாத, பதில் சொல்ல வாய்ப்பற்ற ஒரு பொதுமகனைப் பற்றி எவரும் தனிப்பட்ட குற்றச்சாட்டு எழுப்பினால், அதை எழுத்தில் தரும்படி கேட்டு, விடயத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கலாம். முன்கூட்டியே ஆரம்பித்திருந்தால் ஒரு மாத ஒத்திவைப்பு எவரையும் பாதிக்காது. தீர்மானம் ஏகமனதாகவா, வாக்கெடுப்பின் மூலமா என்பதும், வாக்குகளின் எண்ணிக்கையும் கூட்டறிக்கையில் இடம்பெற வேண்டும்.

பதினோராம் படி: தீர்மானத்துக்குப் பின்

ஒரு வாரத்துக்குள் நியமனக் கடிதம் செல்ல வேண்டும். அதில் தீர்மான இலக்கம், காலம், அடுத்த கூட்டத்தின் திகதி, போக்குவரத்துக் கொடுப்பனவு பெறும் முறை ஆகியவை இருக்க வேண்டும். பரிந்துரைத்த அமைப்புக்கும் உள்ளூராட்சி உதவி ஆணையாளருக்கும் பிரதிகள் அனுப்பலாம். குழுப் பதிவேட்டில் புதிய முடிவுத் திகதியை எழுதும்போதே, அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னைய திகதியையும் அருகில் எழுதிவைத்தால், அடுத்துவரும் உத்தியோகத்தர் தேடி அலைய வேண்டியிராது. வன்னியில் உத்தியோகத்தர்கள் அடிக்கடி இடமாற்றம் பெறுகிறார்கள். கோவையில் இல்லாதது அவர்களோடு போய்விடுகிறது.

மறுநியமனம் எந்த அடிப்படையில் நடந்தது என்று அறிய விரும்பும் எவரும், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ச் சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். வேலை நாட்கள் 14இற்குள் அவர் தம் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மதிப்பீட்டுக் குறிப்பை எழுதும் உத்தியோகத்தர், அது ஒரு நாள் பொதுமக்கள் கைக்குச் செல்லும் என்பதை நினைவில் வைத்து எழுதினால், சொற்கள் தாமாகவே நிதானப்படும்.

மறுநியமனம் கிடைக்காதவர்

சபை வேறொருவரைத் தெரிவுசெய்தால், முன்னைய உறுப்பினர் அதை மூன்றாம் நபரின் வாயால் கேட்கும்படி விடக் கூடாது. தவிசாளரோ செயலாளரோ நேரில் சொல்லி, பின்னர் காரணத்தைச் சுருக்கமாகக் குறித்து நன்றிக் கடிதம் அனுப்ப வேண்டும். அவர் தொடங்கி முடியாமல் இருக்கும் விடயங்களை, அதாவது எந்தக் கிராமத்தின் கிணறு, யாருடைய கட்டண முறையீடு, எந்த முன்பள்ளியின் கூரை என்பவற்றை, அவரிடமிருந்தே கேட்டு எழுதி, புதிய உறுப்பினரின் முதற் கூட்டத்துக்கு முன்னர் அவரிடம் ஒப்படைக்க வேண்டும். முடிந்தால் அந்த முதற் கூட்டத்துக்குப் பழைய உறுப்பினரையும் பார்வையாளராக அழைத்து, அவருக்கான போக்குவரத்துச் செலவையும் அன்றே கொடுத்துவிட வேண்டும்.